நாலு காலும் தரையில்

முதலில் போனது ரேணுகாவின் வெள்ளைச் சேலை.
தோட்டத்து மருத்துவமாது. முழங்காலுக்கு மேலே
செம்மண்ணில் அச்சடித்த இரண்டு பாதம்.
"இது நாயா, கங்காருவா?" என்றாள்.
ரொக்கட் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு
இன்னொரு தடவை எழும்பியது.

எட்டு மாதக் குட்டி.
வாலில் பற்றி மூக்கில் வெடிக்கும் என்பதால்
கொழுந்தன் வைத்த பெயர்.
நான் மலையிறங்கி வருவது
பீலிக்கரைத் திருப்பத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும்.
வங்கியைத் தாவி, மிளகாய்ப் பாத்தியை மிதித்து,
காற்றில் பாதி தூரம், தரையில் பாதி தூரம்.
எனக்கோ ஏழு மாதம்.
இரண்டு கையையும் வயிற்றுக்குக் குறுக்கே வைத்து
என் வீட்டு வாசலிலேயே
கோல் கீப்பர் மாதிரி நிற்கிறேன்.

"கட்டிப்போடு" என்றது பக்கத்துக் காம்பரா.
"பின்னங்காலை மிதி. ஒரே மிதி, மறக்காது"
என்றார் லொறிக்கார மருதவீரன்.
ரேணுகாதான், கறையில் தண்ணீர் தட்டிக்கொண்டே சொன்னாள்:
"ஒன்றும் கொடுக்காதே.
கை கொடுக்காதே, கண் கொடுக்காதே, ஏச்சும் கொடுக்காதே.
ஏச்சும் அதற்குத் தீனிதான்.
முதுகைக் காட்டு.
நாலு காலும் தரையில் பட்டதும் திரும்பு."

முதல் நாள் பதினேழு தடவை முதுகு காட்டினேன்.
முதுகிலும் ஏறியது.
கூடை ஏறின முதுகு, நாய் ஏறினால் என்ன.
லிந்துலை மழை இஸ்தோப்புக்குள் சாரலடிக்க
சுவரைப் பார்த்து நான் நின்ற கோலத்தில்
"என்ன, டீச்சர் வெளியே போட்டுட்டாங்களா?"
என்று சிரித்தான் தவச்செல்வன்.
அவன்தான் எதிரி.
வேலை விட்டு வந்ததும் "வாடா ராசா" என்று
இரண்டு முன்னங்காலையும் நெஞ்சில் ஏந்தி ஆடுவான்.
நான் பகலெல்லாம் கட்டியதை
அந்தியில் அவிழ்ப்பான்.
அன்றிரவு நாயைப் பற்றிச் சண்டை தொடங்கி,
பிள்ளைக்கு என்ன பெயர் என்பதில் போய் முடிந்தது.
மறுநாள் அவனும் சுவரைப் பார்த்து நின்றான்.

ஒன்பதாம் நாள்
எழும்பப் பார்த்து, பாதியில் நிறுத்தி,
மெதுவாகப் பின்பக்கத்தைத் தரையில் வைத்தது.
காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு
கீழேயிருந்து என்னைப் பார்த்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியும்.
செக்ரோலில் விழாமல் போன மூன்று நாள் பேரைக் கேட்க
ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே,
குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி,
நான் வைத்துக்கொண்டு நின்ற முகம்.
அதை என் வாசலில் நான் வளர்க்க மாட்டேன்.

நிலையைப் பிடித்துக்கொண்டு
ஒரு முழங்கால், பிறகு மற்றது,
பிறகு வயிறு, பிறகு மூச்சு,
எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய்க் கீழே இறக்கினேன்.
உனக்கு வேண்டியது என் முகம்தானே.
இந்தா.
நீ ஏறி வர வேண்டாம், நான் இறங்கி வருகிறேன்.
கன்னத்தை முகர்ந்தது, காதை முகர்ந்தது,
விரலில் ஊறிய தேயிலைக் கறையை நக்கிப் பார்த்து
கசந்து தும்மியது.
வால் இஸ்தோப்பையே கூட்டித் தள்ளியது.
திரும்ப எழும்பத்தான்
பக்கத்துக் காம்பராவைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

இப்போது பழகிவிட்டது.
எனக்கு நாலு கால். தபால்காரருக்கு நாலு கால்.
ரேணுகாவுக்கு, அவள் கையில் பிஸ்கட் இருந்தால், நாலு கால்.

பின்னேரம் நாலரைக்கு
தைல மர வளைவில் சூன் பாண் ஆட்டோவின் பாட்டு கேட்டதும்
ஒன்பது நாளும் காற்றில் போகிறது.
நான் கத்தக் கத்த, சுமித் மல்லி
கிம்புலா பணிஸின் வாலைக் கிள்ளி மேலே நீட்டுகிறான்:
"பவ் நே, அக்கே."
ரொக்கட் அவன் தோள் மட்டத்தில்.

உள்ளே இருப்பதும்
அந்தப் பாட்டுக்குத்தான் எழும்பி உதைக்கிறது.
அதற்கு எப்படி நான் முதுகைக் காட்டுவது?